பழைய இம்போர்ட்டை புதுசுக்கு மாத்துறது: நம்ம பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் மண்டபம் பக்கத்துல இருந்துக்கிட்டு மீன் கமிஷன் கடைகளுக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்குறவன். பைதான்ங்குற ப்ரோக்ராம் மொழியோட 2.7 வெர்ஷன்ல ஆரம்பிச்ச கோடு, இன்னைக்கும் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரைன்னு பல கடையில ஓடிக்கிட்டு இருக்கு. எங்கிட்ட ட்ரெயினிங் வர்ற பசங்களும் காலேஜ் ப்ராஜெக்டுக்கு சந்தேகம் கேக்க வர்ற புள்ளைங்களும் பழைய லைப்ரரி இம்போர்ட் (ஏற்கனவே எழுதி வச்ச கோடை நம்ம கோட்டுக்குள்ள கூப்பிடுற வரி) பத்தி திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கேள்வியைத்தான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி சொல்லி பாதி விட்டுப்போகுது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். மாட்யூல் (அப்படிக் கூப்பிடுற ஒவ்வொரு கோடு துண்டு) பேரெல்லாம் நம்ம வாயில சொல்ற மாதிரி தமிழ்லயே போட்டிருக்கேன், டைப் பண்றப்ப அதுக்குரிய ஸ்பெல்லிங்ல அடிச்சுக்கங்க.

கேள்வி: அண்ணே, ஓடிக்கிட்டு இருக்குற கோடை எதுக்கு தொடணும்? ஓடுற வரைக்கும் ஓடட்டுமே?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன். கோடு மாறாம இருக்கலாம், ஆனா அது ஓடுற சிஸ்டம் மாறிக்கிட்டே இருக்கும், அதுவும் நம்ம கரையில சீக்கிரமே மாறும். உப்புக்காத்துக்கு மதர்போர்டு பூத்துப் போயிரும், கடலை ஒட்டுன கடையில ஒரு சிஸ்டம் நாலஞ்சு வருஷம் தாங்குனா பெரிய விஷயம். புது சிஸ்டம் வாங்குவாங்க, கடைக்கார தம்பி யாராவது இருக்குறதுலயே புது பைதானை இறக்கிப் போடுவான், நம்ம ஃபோல்டரை காப்பி பண்ணுவான், டபுள் கிளிக் பண்ணுவான், கறுப்பு விண்டோ ஒண்ணு வந்து டப்புன்னு மூடிரும்.

ஒரு ஐப்பசி மாசம் இது அப்படியே நடந்துச்சு. விடிஞ்சும் விடியாம போன், போட்டு எல்லாம் கரைக்கு வந்துருச்சு, எடை போட ஆரம்பிச்சாச்சு, சாஃப்ட்வேர் திறக்கலைன்னு. மழையில பைக்கை எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்தா ஸ்க்ரீன்ல ஒரே ஒரு வரி, கலெக்ஷன்ஸ்ல இருந்து மேப்பிங்கை இம்போர்ட் பண்ண முடியலைன்னு. அந்த மேப்பிங், சீக்வென்ஸ் மாதிரி பேரெல்லாம் கலெக்ஷன்ஸ்.ஏபிசி-க்கு மாறுனது 2012ல, பைதான் 3.3ல. பழைய இடத்துல இருந்து எடுக்கறதையும் விட்டுவச்சிருந்தாங்க, 2021ல 3.10 வந்தப்பதான் சுத்தமா எடுத்தாங்க. ஒம்பது வருஷம் டயம் குடுத்திருக்காங்க, நான்தான் பாக்கல. ஒரு வார்த்தை மாத்துற வேலை, ரெண்டு நிமிஷம்கூட ஆகல. ஆனா அந்த நேரத்துக்குள்ள கணக்குப்பிள்ளை சீலா, பாறை, நண்டு, சங்காயம்னு எல்லாத்தையும் பில் புக்ல பேனாவால எழுதிக்கிட்டு இருந்தாரு, சட்டைப்பையெல்லாம் நனைஞ்சு போய் நின்னாரு, அதை என்னால மறக்க முடியல. இதை எப்ப மாத்தணும்னு நாம முடிவு பண்ணலைன்னா உப்புக்காத்து முடிவு பண்ணிரும்.

கேள்வி: டிப்ரிகேட்டட், ரிமூவ்டு ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

டிப்ரிகேட்டட்னா இன்னும் வேலை செய்யும், ஆனா ஒருநாள் எடுத்துருவோம்னு சொல்லிட்டாங்கன்னு அர்த்தம். ரிமூவ்டுனா எடுத்தாச்சு. இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், பைதான்ல அந்த டிப்ரிகேஷன் வார்னிங் சாதாரணமா கண்ணுக்கே தெரியாது, மறைச்சுதான் வச்சிருக்கும். 3.7ல இருந்து நாம நேரடியா ஓட்டுற மெயின் ஃபைல்ல வர்றது மட்டும் தெரியும், உள்ள இருக்குற மாட்யூல்ல வர்றது தெரியாது. அதனால ஓட்டுறப்பவே மைனஸ் கேபிடல் டபுள்யூ போட்டு டீஃபால்ட்னு குடுத்து ஓட்டிப் பாருங்க, இல்லைன்னா எர்ரர்னு குடுத்து ஓட்டுங்க, ஒவ்வொரு வார்னிங்கும் எர்ரரா நிக்கும். பைடெஸ்ட்னு டெஸ்ட் ஓட்டுற டூல் வச்சிருந்தா அதுவே கடைசியில வார்னிங் லிஸ்ட் காட்டும், அதை யாரும் படிக்கிறதே இல்ல, தயவுசெஞ்சு படிங்க.

கேள்வி: நாப்பது ஃபைல் இருக்கு, எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

மாத்துறதுக்கு முன்னாடி ஒரு முழு நாள் கணக்கை எடுத்து பழைய கோட்ல, பழைய சிஸ்டத்துல ஓட்டி, வர்ற பில்லு, நாள் அறிக்கை, எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல பத்திரமா வைங்க. அதுதான் உங்களுக்கு அளவுகோல். ஒவ்வொரு மாத்தத்துக்கு அப்புறமும் அதே நாளை புது கோட்ல ஓட்டி ரெண்டையும் வரிக்கு வரி ஒப்பிடணும். டெஸ்ட் கேஸ் ஒண்ணுமே இல்லாத பழைய கோடுக்கு இதைவிட நல்ல வழி நான் பாக்கல. எல்லா நாளும் ஒண்ணு இல்ல, அதனால மீன் அதிகமா வந்த நாள் ஒண்ணு, யாரோ பாதி பணம் பாக்கி வச்ச நாள் ஒண்ணு, ரிட்டர்ன் வந்த நாள் ஒண்ணுன்னு மூணு நாலு எடுத்து வச்சுக்கங்க.

அதுக்கப்புறம், லைப்ரரி இறக்குற டூல் பிப், அதுல பிப் ஃப்ரீஸ் அடிச்சு இப்ப என்னென்ன லைப்ரரி எந்த வெர்ஷன்ல இருக்குன்னு ஒரு ஃபைல்ல எழுதி வைங்க, கோடு மாத்தத்தைப் பதிஞ்சு வைக்கிற கிட்ல போடாம இருந்தா இன்னைக்கே போடுங்க. அப்புறம் கிரெப்னு தேடுற கமாண்ட் அடிச்சு எல்லா இம்போர்ட் வரியையும் ஒரே இடத்துல கொண்டு வாங்க, மூணா பிரிங்க: பைதானோட கூடவே வர்றது, பிப் போட்டு இறக்குனது, நாமளே எழுதுனது. ஃபைல் தலையில இருக்குறதை மட்டும் பாத்துட்டு விட்றாதீங்க. ஃபங்ஷனுக்குள்ள ஒளிஞ்சிருக்குற இம்போர்ட் இருக்கும், ட்ரை எக்ஸெப்ட்குள்ள இருக்கும், பேரை ஸ்ட்ரிங்கா வச்சு இம்போர்ட்லிப்ல கூப்புடறதும் இருக்கும். வருஷக் கடைசி அறிக்கை எடுக்கறப்ப மட்டும் ஓடுற ஃபங்ஷனுக்குள்ள ஒரு பழைய இம்போர்ட் இருந்தா, உங்களுக்கு அது மார்ச் 31 அன்னைக்குத்தான் தெரியும்.

கேள்வி: எது எதுக்கு மாறியிருக்குன்னு சொல்லுங்கண்ணே, நேரா மாத்திருறோம்.

அடிக்கடி பாக்குறதை சொல்றேன். 2ல இருந்து 3க்கு வந்தப்ப பேர் மாறுனது: யூஆர்எல்லிப்2 இப்ப யூஆர்எல்லிப்.ரிக்வெஸ்ட், யூஆர்எல்பார்ஸ் இப்ப யூஆர்எல்லிப்.பார்ஸ். கான்ஃபிக்பார்சர், க்யூ, டிகேஇன்டர் இதெல்லாம் பெரிய எழுத்துல ஆரம்பிச்சது, இப்ப எல்லாம் சின்ன எழுத்து. ஸ்ட்ரிங்ஐஓ இப்ப ஐஓ மாட்யூலுக்குள்ள. சீபிக்கிள் வேண்டாம், பிக்கிள்னு போட்டாலே வேகமானதைத்தான் எடுக்கும்.

3க்குள்ளயே போனது: இம்ப் 3.12ல போச்சு, இம்போர்ட்லிப்புக்கு வாங்க. டிஸ்ட்யூட்டில்ஸும் (பேக்கேஜ் கட்டி இன்ஸ்டால் பண்ற மாட்யூல்) அதே 3.12ல, 2023 அக்டோபர்ல போச்சு, இது கொஞ்சம் வேலை வைக்கும், ஏன்னா ஆளாளுக்கு அதுல இருந்து ஒவ்வொண்ணை எடுத்து வச்சிருப்பாங்க. வெர்ஷன் நம்பர் ஒப்பிட லூஸ்வெர்ஷன் வச்சிருந்தா பேக்கேஜிங்னு ஒரு லைப்ரரி இருக்கு அதுக்கு மாத்துங்க. ஃபைண்ட் எக்ஸிக்யூட்டபிள் இருந்தா ஷட்டில்ல விச். காப்பி ட்ரீ இருந்தா ஷட்டில் காப்பிட்ரீ, கூடவே ஃபோல்டர் ஏற்கனவே இருந்தாலும் பரவாயில்லைங்குற ஆப்ஷனையும் குடுக்கணும், இல்லைன்னா ரெண்டாவது நாள் பேக்கப்ல நின்னுரும். ஸ்ட்ர்டுபூல்னு யெஸ் நோவை ட்ரூ ஃபால்ஸா மாத்துற குட்டி ஃபங்ஷன், அதுக்கு மாத்தே குடுக்கல, அஞ்சு வரியில நீங்களே எழுதிக்கங்க. 3.13ல சிஜிஐ, டெல்நெட்லிப், இமேஜ்எச்டிஆர், க்ரிப்ட்னு மொத்தம் 19 மாட்யூலை ஒரே அடியா எடுத்துட்டாங்க, பழைய வெப் ஃபார்ம் வச்சிருக்குறவங்க சிஜிஐ இருக்கான்னு இன்னைக்கே தேடுங்க.

வெளி லைப்ரரியில பிஎஸ்4, பில்லோ இந்த ரெண்டும் கண்டிப்பா வரும். பியூட்டிஃபுல்சூப்னு நேரா இம்போர்ட் பண்ணா அது ரொம்பப் பழசு, பிஎஸ்4ல இருந்து எடுக்கணும். இமேஜ்னு நேரா போட்டிருந்தா பிஐஎல்ல இருந்து எடுக்கணும், அதுக்குள்ள ஆன்டிஅலையாஸ்னு எழுதியிருந்தா பில்லோ 10ல அதுவும் இல்ல, லான்சோஸ்னு போடுங்க.

கேள்வி: டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12ல போச்சுன்னு சொன்னீங்க, என் லேப்டாப்ல 3.12தான், நல்லா ஓடுதே?

உங்க லேப்டாப்ல செட்அப்டூல்ஸ்ங்குற லைப்ரரி இருக்கும். அது தன்கிட்ட இருக்குற டிஸ்ட்யூட்டில்ஸை அந்த இடத்துல வச்சு சமாளிக்கும். ஆனா 3.12ல இருந்து புதுசா வென்வ் (ஒரு ப்ராஜெக்டுக்குத் தனியா வைக்கிற பைதான் இடம்) போட்டா செட்அப்டூல்ஸ் தானா உள்ள வராது. அதனால உங்ககிட்ட ஓடும், தேவிபட்டினத்துல கடையில ஓடாது. பிகேஜி ரிசோர்சஸ்ங்குறதும் செட்அப்டூல்ஸோட சேர்ந்தது, அதுக்கும் இதே கதி, அதுக்குப் பதிலா இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா, இம்போர்ட்லிப்.ரிசோர்சஸ் ரெண்டும் இருக்கு. எப்பவும் வெறும் வென்வ் புதுசா போட்டு, ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல இருந்து மட்டும் இறக்கி ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் ஓடுதுன்னு சொல்லுங்க.

கேள்வி: பேரை மாத்தினா போதும்ல? அப்புறம் எதுக்கு இவ்வளவு பயமுறுத்துறீங்க?

போதாது தம்பி. பேர் தப்பா இருந்தா நல்லது, சத்தம் போட்டு நின்னுரும், நமக்குத் தெரிஞ்சுரும். பேர் சரியா இருந்து உள்ள நடக்கறது மாறியிருந்தாத்தான் ஆபத்து, அது பேசாம தப்பு கணக்கு போட்டுக்கிட்டே இருக்கும்.

யூஆர்எல் திறந்து படிச்சா 2ல ஸ்ட்ரிங் வந்துச்சு, 3ல பைட்ஸ் வரும், டிகோட் பண்ணணும். சிஎஸ்வி ஃபைலை முன்னாடி ஆர்பின்னு திறந்தோம், இப்ப சாதாரணமா டெக்ஸ்டா திறந்து நியூலைனை காலியா குடுக்கணும், என்கோடிங் யூடிஎஃப்-8ன்னு கையால எழுதணும், விண்டோஸ்ல அது எழுதலைன்னா நம்ம தமிழ்ல டைப் பண்ணி வச்சிருக்குற மீன் பேரெல்லாம் புரியாத எழுத்தா வரும் இல்லைன்னா எர்ரர் அடிக்கும். ஏழு ஐஸ் பாரை ரெண்டு படகுக்குப் பிரின்னா 2ல 3ன்னு வரும், 3ல 3.5ன்னு வரும், ரெண்டுல எது உங்களுக்கு வேணும்னு கோடை எழுதுனவருக்குத்தான் தெரியும். பழைய ஃபைல் தலையில ஃபியூச்சர்ல இருந்து டிவிஷனை இம்போர்ட் பண்ணியிருந்தா அந்த ஃபைலுக்கு பிரச்சனை இல்ல, ஏற்கனவே புது மாதிரிதான் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. அந்த வரி இல்லாத ஃபைலைத்தான் உக்காந்து பாக்கணும்.

எக்ஸ்எல்ஆர்டி இன்னொண்ணு. இம்போர்ட் வரி அப்படியே வேலை செய்யும், ஆனா 2020 டிசம்பர்ல வந்த 2.0ல இருந்து அது பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலை மட்டும்தான் படிக்கும், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் படிக்காது. அதுக்கு ஓப்பன்பைஎக்ஸ்எல் போங்க.

இப்ப எனக்கு நடந்ததை முழுசா சொல்றேன், ஏன்னா இதுலதான் நான் பாடம் படிச்சேன். மீன் இறக்குன நேரத்தை பைடிஇசட்னு ஒரு லைப்ரரி வச்சு உலகப் பொது நேரமான யூடிசி-யா மாத்தி சேவ் பண்ணிக்கிட்டு இருந்தேன். அதை எடுத்துட்டு 3.9ல பைதானோடவே வர்ற ஸோன்இன்ஃபோவுக்கு மாத்தலாம்னு உக்காந்தேன். மாத்தி, பழைய நாளை ஓட்டி ஒப்பிட்டா ஒவ்வொரு நேரமும் சரியா 23 நிமிஷம் கூடுதலா வருது. காலை 6:00க்கு இறக்குனது 6:23ன்னு வருது. ஸோன்இன்ஃபோ மேலதான் சந்தேகப்பட்டேன், அரை நாள் போச்சு. கடைசியில பாத்தா தப்பு என் பழைய கோட்ல. பைடிஇசட்ல டைம்ஸோனை நேரா டேட்டைமுக்குள்ள குடுக்கக் கூடாது, லோக்கலைஸ்ங்குற ஃபங்ஷன் வழியாத்தான் குடுக்கணும், அதோட டாக்குமென்ட்லயே போட்டிருக்கு. நேரா குடுத்தா ஏஷியா கொல்கத்தாவுக்கு நம்ம 5:30க்குப் பதிலா கொல்கத்தா ஊரோட அந்தக் காலத்து உள்ளூர் நேரத்தை, 5 மணி 53 நிமிஷத்தை, எடுத்துக்கும். அதனால 6:00ன்னு குடுத்தது 5:37ஆ திரும்பி வந்திருக்கு. அதை ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி யாரோ, என்கிட்ட வேலை பாத்த பையனா இருக்கும், காரணம் தெரியாம அறிக்கை எடுக்குற இடத்துல 23 நிமிஷத்தைக் கூட்டி சரிக்கட்டி வச்சிருக்கான். ரெண்டு தப்பும் சேர்ந்து சரியா காட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் ஒரு தப்பை எடுத்ததும் இன்னொண்ணு வெளிய வந்துருச்சு. அதோட முடியல, டேட்டாபேஸ்ல ஏற்கனவே கிடக்குற நேரம் எல்லாம் 23 நிமிஷம் தப்பு, அதையும் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி திருத்தித்தான் புது கோடை விட முடிஞ்சுது. ஒப்பிட பழைய பில் கையில இல்லாம இருந்திருந்தா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

கூட ஒண்ணு: விண்டோஸ்ல ஸோன்இன்ஃபோவுக்கு டிஇசட்டேட்டாங்குற பேக்கேஜையும் பிப்ல போடணும், இல்லைன்னா டைம்ஸோன் பேரே கிடைக்கலைன்னு சொல்லும்.

கேள்வி: அண்ணா, காலேஜ் ப்ராஜெக்ட். மன்னார் வளைகுடா தீவுகளை மேப்ல போடுறேன். மேப் கணக்கு போடுற பைப்ரோஜ் லைப்ரரி வார்னிங் குடுத்துச்சு, புது மாதிரி மாத்துனதுக்கு அப்புறம் ஒரு தீவுகூட தெரியல.

தீவு எங்கயும் போகலம்மா, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிருச்சு. பழைய கோட்ல ஈபிஎஸ்ஜி 4326ஐ (அட்ச, தீர்க்க ரேகைக் கணக்குக்கு வச்சிருக்குற நம்பர்) இனிட்னு போட்டுக் குடுத்தா முதல்ல தீர்க்கம், அப்புறம் அட்சம்னு எடுத்துக்கும். அந்த இனிட்டை எடுத்துட்டா அந்த ஸ்டாண்டர்டுல எழுதியிருக்குற வரிசையில, முதல்ல அட்சம்னு எடுத்துக்கும். பாம்பன் 9.28 வடக்கு, 79.2 கிழக்கு. அதைத் திருப்பிப் போட்டா 79.2 வடக்கு, 9.28 கிழக்கு, அது நார்வேக்கும் மேல ஸ்வால்பார்டு பக்கத்து கடல். 21 தீவும் அங்க போய் உக்காந்திருக்கும், உங்க மேப்பை தூரமா எடுத்துப் பாருங்க தெரியும். ட்ரான்ஸ்ஃபார்மரை உருவாக்குறப்ப ஆல்வேஸ் எக்ஸ்ஒய் ட்ரூன்னு குடுங்க, சரியாயிரும். ஜிடால்ங்குற மேப் லைப்ரரியிலயும் 3.0 வந்ததுல இருந்து இதே கதைதான், அங்க ட்ரெடிஷனல் ஜிஐஎஸ் ஆர்டர்னு செட் பண்ணணும். ஜிடால்னு நேரா இம்போர்ட் பண்ணாம ஓஎஸ்ஜியோல இருந்து எடுங்க. பேஸ்மேப் வச்சிருந்தா கார்ட்டோபைக்கு வந்துருங்க.

கேள்வி: எஸ்கேலேர்ன்ங்குற மெஷின் லேர்னிங் லைப்ரரியில கிராஸ் வேலிடேஷன் இல்லைன்னு வருது. டுடோரியல்ல இருக்குறதை அப்படியே அடிச்சேன்.

டுடோரியல் பழசு. அது 0.20லயே போச்சு, இப்ப மாடல் செலக்ஷன்ல இருந்து எடுங்க. அதே டுடோரியல்ல என்பி.ஃப்ளோட்னு இருந்தா வெறும் ஃப்ளோட்னு மாத்துங்க, நம்பை 1.24ல எடுத்துட்டாங்க. பாண்டாஸ் டேட்டாஃப்ரேம்ல அப்பெண்ட் இருந்தா கான்கேட், 2.0ல போச்சு.

கேள்வி: ட்ரை எக்ஸெப்ட் போட்டு பழசு புதுசு ரெண்டையும் வச்சுக்கலாமா?

கொஞ்ச காலத்துக்கு வச்சுக்கலாம், எனக்கும் பாதி கடை பழைய சிஸ்டம் பாதி கடை புதுசுன்னு இருந்தப்ப அதுதான் கை குடுத்துச்சு. ஆனா புதுசை முதல்ல ட்ரை பண்ணுங்க, எக்ஸெப்ட்ல பழசு. மாட்யூல்நாட்ஃபவுண்ட்எர்ரரை மட்டும் பிடிங்க, 2.7லயும் ஓடணும்னா அங்க அந்தப் பேரே இல்ல, இம்போர்ட்எர்ரர்னு போடுங்க. வெறும் எக்ஸெப்ட் போட்டீங்கன்னா அந்த மாட்யூலுக்குள்ள வேற ஏதாவது உடைஞ்சிருந்தாலும் அதை முழுங்கிட்டு பழசுக்குப் போயிரும், அப்புறம் எது ஓடுதுன்னே உங்களுக்குத் தெரியாது. கடைசி பழைய சிஸ்டம் மாறுன அன்னைக்கே அந்த பிளாக்கை அழிச்சுருங்க, 2, 3 ரெண்டுலயும் ஓட வைக்கிற சிக்ஸ் லைப்ரரி வச்சிருந்தா அதையும் சேர்த்து.

கேள்வி: க்யூவை சின்ன எழுத்துக்கு மாத்துனேன், உள்ள இருக்குற க்ளாஸே இல்லைன்னு சொல்லுதுண்ணே.

உங்க ஃபோல்டர்ல க்யூன்னு ஒரு ஃபைல் இருக்கா பாருங்க. ஏல வரிசைக்காக நாமளே ஒரு க்யூ ஃபைல் எழுதி வச்சிருந்தோம், பைதான் முதல்ல பக்கத்துல இருக்குறதைத்தான் எடுக்கும். உங்க ஃபைல் பேரை ஏலவரிசைன்னு ஏதாவது மாத்துங்க, பைதான் தானா சேத்து வைக்கிற பைகேஷ் ஃபோல்டரையும் அழிச்சுருங்க. காலண்டர், ரேண்டம், டோக்கன்னு ஃபைலுக்குப் பேர் வைக்காதீங்க, டோக்கன்னு பைதானுக்குள்ள ஒரு மாட்யூல் இருக்கு, நம்ம ஊர்ல கடலுக்குப் போற டோக்கன் பதியறதுக்கு எல்லாரும் அந்தப் பேரைத்தான் வைக்கிறாங்க.

கேள்வி: ஸ்டார் போட்டு இம்போர்ட் பண்ணியிருக்குறதை என்ன செய்ய?

முதல்ல அதைப் பிரிங்க, அப்புறம் மத்ததைத் தொடுங்க. எந்தப் பேர் எங்க இருந்து வருதுன்னு தெரியாம எதையும் மாத்த முடியாது. ஓஎஸ்ல இருந்து ஸ்டார்னு போட்டா ஃபைல் திறக்குற ஓப்பனே வேற ஓப்பனா மாறிரும், அதை நான் நேர்ல பாத்திருக்கேன்.

கேள்வி: டூல் இருக்குன்னு சொல்றாங்களே, ஒரே கமாண்ட்ல முடியாதா?

பழைய கோடை புதுசாக்குற பைஅப்கிரேட், தப்பு பாத்துத் திருத்துற ரஃப், இம்போர்ட் வரிசையை அடுக்குற ஐசார்ட் மூணும் நல்ல டூல், நான் தினமும் ரஃப் ஓட்டுறேன். முன்னாடி 2டூ3ன்னு பைதானோடவே வந்துச்சு, 3.13ல அதையும் எடுத்துட்டாங்க, தேவைன்னா பழைய பைதான்ல ஓட்டிக்கலாம். ஆனா டூலுக்கு நீங்க எந்த வெர்ஷன்ல ஓட்டப் போறீங்கன்னு சரியா சொல்லணும். என் கடைகள்ல ரெண்டு மூணு இடத்துல இன்னும் விண்டோஸ் 7 இருக்கு, அதுல பைதான் 3.8க்கு மேல ஏறாது. டார்கெட்டை 3.9ன்னு குடுத்தா டூல் டைப்பிங்.லிஸ்ட்டை எல்லாம் சின்ன எழுத்து லிஸ்ட்டா மாத்தி வச்சுரும், புது சிஸ்டத்துல அருமையா ஓடும், அந்த 3.8ல திறக்கவே திறக்காது.

பயன்படுத்தாத இம்போர்ட்டை அழிக்கிறதுலயும் பாத்து. சில மாட்யூலை இம்போர்ட் பண்றதே அதுக்குள்ள ஏதோ ரிஜிஸ்டர் ஆகணும்னுதான், பேரை எங்கயும் பயன்படுத்த மாட்டோம். டூல் அதைக் குப்பைன்னு நெனச்சு தூக்கிரும். நம்ம கோட்ல பிரிண்டர் டிரைவர் அப்படித்தான் சேருது, தூக்குனதும் பில் பிரிண்டே வரல. அந்த வரிக்குப் பக்கத்துல நோக்யூஏ-ன்னு கமெண்ட் போட்டு, ஏன் வச்சிருக்கோம்னு தமிழ்லயே ஒரு வரி எழுதி வச்சுருங்க. ஐசார்ட் வரிசையை மாத்துறப்பவும் இதே மாதிரி, ஒண்ணை ஒண்ணு இம்போர்ட் பண்ணிக்கிற ரெண்டு ஃபைல் இருந்தா வரிசை மாறுனதும் சர்க்குலர்னு நிக்கும். அதுக்கு வரிசையைப் பழையபடி மாத்தாதீங்க, ரெண்டுக்கும் பொதுவானதை மூணாவது ஃபைலுக்குக் கொண்டு போங்க.

டூல் மாத்துனது கிட்ல ஒரு கமிட், கையால மாத்துனது வேற கமிட். கலந்தா எதுல உடைஞ்சதுன்னு பைசெக்ட் போட்டாலும் கண்டுபிடிக்க கஷ்டம். எந்த வரியை யார் மாத்துனதுன்னு ப்ளேம் பாக்குறப்ப டூல் கமிட்டை ஒதுக்கி வைக்கவும் கிட் 2.23ல இருந்து வழி இருக்கு.

கேள்வி: ஏஐ கிட்ட குடுத்து மாத்தச் சொல்லலாமா?

குடுங்க, நானும் குடுக்குறேன். ஆனா அது சொல்ற மாட்யூல் பேர் நிஜமா இருக்கான்னு பாக்காம பிப் இன்ஸ்டால் அடிக்காதீங்க, இல்லாத பேரையும் உறுதியா சொல்லும், அந்தப் பேர்ல யாராவது கெட்ட பேக்கேஜை ஏத்தி வச்சிருந்தா கடை சிஸ்டம் மொத்தமும் போச்சு. ஒப்பிடற வேலையை மட்டும் எப்பவும் நீங்களே செய்யுங்க.

கேள்வி: ஐஸ் கம்பெனி சிஸ்டத்துல நெட்டே இல்ல, எப்படி புது லைப்ரரி போடுறது?

நெட் இருக்குற இடத்துல பிப் டவுன்லோட் போட்டு வீல் ஃபைலா (இன்ஸ்டால் பண்ண ரெடியா இருக்குற பேக்கேஜ்) ஒரு பென்டிரைவ்ல எடுங்க, அங்க போய் நோ இண்டெக்ஸ், ஃபைண்ட் லிங்க்ஸ் ரெண்டும் குடுத்து இன்ஸ்டால் பண்ணுங்க. எந்த பைதானுக்கு, 32 பிட்டா 64 பிட்டான்னு பாத்து எடுக்கணும், நான் ஒருதடவை தப்பா எடுத்துட்டு வாலிநோக்கம் வரைக்கும் போய் சும்மா திரும்பி வந்தேன். 3.8 சிஸ்டத்துக்கு ஸோன்இன்ஃபோ வேணும்னா பேக்போர்ட்ஸ்.ஸோன்இன்ஃபோவையும் சேர்த்து எடுத்துக்கங்க.

கேள்வி: எப்ப பண்ணலாம்? கடைக்காரர் எப்பவுமே பிஸி.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஏலம் குறைஞ்சுரும், நான் பெரிய மாத்தம் எல்லாத்தையும் அப்பத்தான் வைக்கிறேன். ஆனா நாட்டுப்படகுக்குத் தடை இல்ல, அவங்க மீனை எடுக்குற கடை ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், அந்தக் கடையைக் கேக்காம கை வைக்காதீங்க. தடை முடியறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சு, பழைய ஃபோல்டரையும் அப்படியே பக்கத்துல விட்டு வைங்க. தடை முடிஞ்சு முதல் மீன் வர்ற காலையில நான் கடையிலயே இருப்பேன்.

முதலாளிகிட்ட காசு கேக்கவும் அதுதான் நேரம். படகைக் கரை ஏத்தி பலகை மாத்தி, எஞ்சின் இறக்கி வேலை பாத்துக்கிட்டு இருப்பாங்க. டிப்ரிகேட்டட்னு எல்லாம் சொல்லாதீங்க, இந்த சாமானை இனிமே கம்பெனி செய்யப் போறதில்லையாம், கடைசி ஸ்டாக்ல ஓடிக்கிட்டு இருக்கோம்னு சொல்லுங்க, உடனே எவ்வளவு ஆகும்னு கேப்பாங்க.

கேள்வி: ஜாவா கோடுக்கும் இதே மாதிரியா?

பெரிசா மாறுனது ஜாவாஎக்ஸ் ஜகார்த்தாவா ஆனது, ஜகார்த்தா ஈஈ 9ல, 2020ல. ஸ்ப்ரிங் பூட் 3க்குப் போனா கட்டாயம். ஆனா ஜாவாஎக்ஸ்னு இருக்குற எல்லாத்தையும் ரீப்ளேஸ் ஆல் அடிச்சுராதீங்க. ஜாவாஎக்ஸ்.எஸ்க்யூஎல், ஜாவாஎக்ஸ்.ஸ்விங் எல்லாம் ஜேடிகே-வோட சொந்தம், அது மாறல. ஜாவாஸ்க்ரிப்ட்ல ரிக்வெஸ்ட் பேக்கேஜ் 2020லயே டிப்ரிகேட்டட், மொமெண்ட்டும் புது வேலை நிறுத்திட்டாங்க, புது ப்ராஜெக்ட்ல ரெண்டையும் சேர்க்காதீங்க.

கேள்வி: எல்லாம் மாத்தியாச்சு, எர்ரரே இல்ல. ஆனா பழைய பில்லையும் புது பில்லையும் வச்சுப் பாத்தா சில பில்லுல ஒரு ரூவா குறையுதுண்ணே. விட்றலாமா?

விடாதீங்க. அந்த ஒரு ரூவா யாரோ ஒருத்தரோடது. ரவுண்டு ஃபங்ஷனைப் பாருங்க. கமிஷன் 62 ரூவா 50 பைசா வந்தா பைதான் 2 அதை 63ன்னு ஆக்கும், 3 அதை 62ன்னு ஆக்கும், சரி பாதியா இருந்தா பக்கத்துல இருக்குற இரட்டைப்படைக்குப் போகும். 63 ரூவா 50 பைசான்னா ரெண்டுலயும் 64தான், அதனாலதான் எல்லா பில்லுலயும் வராம சில பில்லுல மட்டும் வருது, அதனாலதான் கண்டுபிடிக்கவும் கஷ்டம். டெசிமல்னு மாட்யூல் இருக்கு, அதை இம்போர்ட் பண்ணி ரூவா கணக்கு முழுக்க அதுல போட்டு, ரவுண்டு ஹாஃப் அப்னு குடுங்க. தொகையை ஸ்ட்ரிங்கா உள்ள குடுக்கணும், ஃப்ளோட்டா குடுத்தா அந்தக் கடைசி பைசா மறுபடி ஆடும். மாத்திட்டு அந்த நாலு நாள் பில்லையும் திரும்ப ஓட்டி எடுத்துட்டு வாங்க, சேர்ந்து உக்காந்து பாப்போம்.